கெட்டி வேறு, குழைவு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த ‘க்ரீமி சிக்கன் வெஜிடபிள் சூப்’ செய்முறை பற்றி எழுதுகிறேன். குறை சொல்வதற்காக மட்டும் அல்ல. ஆனால் குறையும் உண்டு.

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. குன்னூரில் ஒரு கிளப்பின் சமையலறையில் 1970-ல், பதினாறு வயதில், மேட்டியாகச் சேர்ந்தேன். மேட்டி என்றால் பாத்திரம் கழுவி, வெங்காயம் உரித்து, அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற பையன். நாற்பத்திரண்டு வருடம் கழித்து அங்கேயே தலைமைச் சமையல்காரனாக ஓய்வு பெற்றேன். அந்தக் காலத்தில் நான் இறக்கி வைத்த சூப் அண்டாக்களுக்குக் கணக்கில்லை. சனிக்கிழமை இரவு என்றால் கோழி கிரீம் சூப் என்பது எங்கள் கிளப்பில் எழுதாத சட்டம்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, “தாத்தா, நீ படுத்துக்கோ, பேப்பர்ல போட்ட மாதிரியே நான் சூப் வெச்சுத் தர்றேன்” என்றாள். போட்ட மாதிரியே செய்தாள். மூன்று கப் தண்ணீருக்கு அரை கப் சோள மாவு. எலும்பில்லாத கறி 200 கிராம். காய்கள் எல்லாம் ஒன்றாகக் குக்கரில் நான்கு விசில். கடையில் விற்கும் சிக்கன் சூப் கட்டி ஒன்று. பிறகு ஃப்ரெஷ் கிரீம் ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, எலுமிச்சை அரை மூடி பிழிய வேண்டுமாம்.

கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது என்கிற பதத்தில் வந்தது. அந்தக் காலத்தில் சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர் தகர டப்பாவில் பசை காய்ச்சிக்கொண்டு வருவாரே, அந்த நினைவு வந்தது எனக்கு. மேலே வெள்ளை வெள்ளையாகத் திரித்திரியாக ஏதோ மிதந்தது. குழந்தை முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுதும் சாப்பிட்டேன். அவளோ ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, “எனக்குச் சமையல் வராது தாத்தா” என்றாள். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த ஒரு வார்த்தைதான். அவளுக்குச் சமையல் வரும். குறிப்புதான் சரியில்லை.

அதில் இரண்டு தவறுகள். சோள மாவு மைதாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டியாக்கும். அரை கப் என்பது ஆறு பேருக்கான சூப்புக்கே அதிகம். அடுத்தது அந்த எலுமிச்சை. வீட்டில் பன்னீர் எப்படிச் செய்கிறோம்? கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிகிறோம். உங்கள் குறிப்பில் சொல்லியிருப்பதும் அதையேதான். கடையில் டப்பாவில் வரும் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். அதைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மேலே புளிப்பையும் சேர்த்தால் திரியாமல் என்ன செய்யும்?

சோள மாவின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. சீன முறையில் ஸ்வீட் கார்ன் சூப் வைக்கும்போது அதைத்தான் கரைத்து ஊற்ற வேண்டும்; அந்தக் கண்ணாடிப் பளபளப்பு மைதாவில் வராது. ஆனால் பால் சேர்க்கிற சூப்புக்கு அது கெட்டியைத் தருமே தவிரக் குழைவைத் தராது. கெட்டி வேறு, குழைவு வேறு. கெட்டி என்பது கரண்டிக்குத் தெரிவது. குழைவு நாக்குக்குத் தெரிவது. கூழ் கெட்டியாக இருக்கும். வெண்பொங்கல் குழைவாக இருக்கும். இந்த வித்தியாசம் தமிழ் வீடுகளில் யாருக்கும் தெரியாதது அல்ல. சூப் என்றதும் மறந்துவிடுகிறோம்.

குழைவு மூன்று இடத்திலிருந்து வருகிறது: எலும்பு, வெண்ணெயில் வறுத்த மாவு, காய். பாலும் கிரீமும் கடைசியில் வந்து பெயர் தட்டிக்கொண்டு போகிறவை.

முதலில் எலும்பு. கறிக்கடையில் போன்லெஸ் கேட்டால் நெஞ்சுக்கறியை அரிந்து கொடுத்துவிட்டு எலும்புக்கூட்டை ஒதுக்கிப் போடுகிறார்கள். காசு கொடுத்த கோழி, கூட்டையும் கேட்டு வாங்குங்கள். கழுத்து, முதுகு, இறக்கை நுனி எல்லாம் சேர்ந்து முக்கால் கிலோ. அதோடு கோழிக்கால் ஆறு. காலை வெந்நீரில் போட்டு மஞ்சள் தோலை உரித்து, நகத்தை வெட்டிவிடுங்கள். முகம் சுளிக்க வேண்டாம். இன்றைய பிராய்லர் ஆறு வாரத்துப் பிள்ளை. அதன் எலும்பில் பெரிய சாரம் கிடையாது. காலில்தான் பசை இருக்கிறது. அந்தச் சாறு ஆறினால் தளதளவென்று ஜெல்லி மாதிரி உறையும். உறைந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும், வெந்நீரில் அல்ல. மெல்லச் சூடேறும்போது அழுக்கு நுரையாக மேலே வரும், எடுத்துக்கொண்டே இருக்கலாம். கிளப்பில் இரண்டரை மணி நேரம், அடுப்பின் ஓரத்தில், முத்து முத்தாகக் குமிழி வரும் சூட்டில் வைப்போம். வீட்டில் அவ்வளவு நேரம் யார் காஸ் எரிப்பது? 5 லிட்டர் குக்கரில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் விட்டு, நுரை எடுத்த பிறகு மூடி, ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து நாற்பது நிமிடம் விடுங்கள். தெளிந்த சூப்புக்குத்தான் குக்கர் ஆகாது, சாறு கலங்கிவிடும். பால் ஊற்றப் போகிற சூப் கலங்கினால் யாருக்கு என்ன? ஒரு வெங்காயம், மிளகு எட்டு, ஒரு பிரிஞ்சி இலை போதும். பட்டை, ஏலக்காய் வேண்டாம். பிரியாணி வாசம் வந்துவிடும். உப்பு இப்போது போடாதீர்கள். வடித்தால் ஒண்ணேகால் லிட்டர் சாறு நிற்கும். நெஞ்சுக்கறி கால் கிலோவை முழுசாக அந்தச் சாற்றிலேயே சிறு தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம் வேகவிட்டு, நடுவில் வெட்டினால் சிவப்பு தெரியவில்லை என்று பார்த்துவிட்டு, நாராகப் பிய்த்துத் தனியே வையுங்கள். எலும்போடு சேர்த்துக் குக்கரில் அடைத்தால் கறி சக்கை.

இங்கே ஒரு இடைச்செருகல். குக்கர் இல்லாத குறிப்புகளில் ‘பத்து நிமிடம் கொதிக்க விடவும், காய் வெந்துவிடும்’ என்றிருக்கும். சென்னையில் வெந்திருக்கும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து 1,850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரி குறையும். கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று இறக்கினால் கேரட் கடக்முடக் என்று நிற்கும். சமவெளியிலிருந்து கல்யாணமாகி மேலே வந்த பெண்களெல்லாம் முதல் மாதம் பருப்போடு போராடியவர்கள்தான், என் மனைவி உட்பட. ‘எத்தனை நிமிடம்’ என்று போடுவதோடு ‘எந்தப் பதம்’ என்றும் போட்டால் மலையில் இருக்கும் வாசகர்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இனி காய். இது எங்கள் ஊர் விஷயம் என்பதால் கொஞ்சம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் இந்த மலைக்கு வந்து, பிறகு ஊட்டியில் கல்பங்களா கட்டி, சீமைக் காய்கறிகளைப் பயிரிட வைத்தார் என்பது நீலகிரிப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதை. ஊட்டித் தாவரவியல் பூங்காகூட 1840-களில் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குக் காய்கறி கொடுக்கத் தொடங்கிய தோட்டம்தான். இன்று கேத்திப் பள்ளத்தாக்கில் விடியும் முன்பே கேரட்டைப் பிடுங்கி, மெஷினில் கழுவி, லாரியில் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறார்கள். சூப் அவர்களோடு வந்தது, காய் நம்மோடு தங்கிவிட்டது. போகும்போது நம்முடைய மிளகுத் தண்ணீரைக் கொண்டுபோய் ‘மல்லிகட்டானி’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது என்று, கிளப்பின் சாப்பாட்டுப் பொறுப்பைப் பார்த்த எங்கள் பட்லர் சொல்வார்.

ஆறு பேருக்கு ஊட்டிக் கேரட் ஒன்று, உருளைக்கிழங்கு நடுத்தரமாக ஒன்று, லீக்ஸ் (பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்கும்) ஒன்று, செலரி ஒரு தண்டு, பீன்ஸ் எட்டு, பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி. லீக்ஸைப் பிளந்து அடுக்கடுக்காகக் கழுவ வேண்டும். மடிப்புக்குள் மண் இருக்கும். அந்த ஒரு சிட்டிகை மண் ஐம்பது பேர் பல்லில் அகப்பட்ட வரலாறு எங்கள் சமையலறையில் உண்டு. கீழே லீக்ஸ் கிடைக்காவிட்டால் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி போதும். செலரிக்குப் பதிலாகக் கொத்தமல்லித் தண்டு என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம், அது ரசத்து வாசம். செலரி இல்லையென்றால் இல்லை. முட்டைக்கோஸ் போட்டால் அரைமணி நேரத்தில் ஒரு நாற்றம் எழும். பீட்ரூட் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

காய்களைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, ஒரே அளவாக நறுக்குங்கள். இருபது கிராம் வெண்ணெயில் லீக்ஸும் செலரியும் முதலில். பொன்னிறம் வரக் கூடாது. மூடி போட்டு, சிறு தீயில், தன் தண்ணீரிலேயே குழைய வேண்டும். பிறகு கேரட், உருளைக்கிழங்கு, அவை மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் சாறு. வெந்ததும் இரண்டு கரண்டி உருளையும் லீக்ஸும் எடுத்து, ஆறவைத்து மிக்சியில் அரைத்துச் சேர்த்துவிடுங்கள். ஆறவைத்து என்று நான் எழுதியதை வெட்டிவிடாதீர்கள். சூடாகப் போட்டுச் சுற்றினால் மூடி கூரைக்குப் பறக்கும், கை வெந்துபோகும். பீன்ஸையும் பட்டாணியையும் தனியாக உப்புத் தண்ணீரில் வேகவைத்துக் கடைசியில் போட்டால் பச்சை நிறம் நிற்கும்.

இப்போது வெண்ணெயும் மாவும். பட்லர் இதை ‘ரூ’ என்பார். அது பிரெஞ்சுச் சொல் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை ரூபாயில் வரும் ரூ என்றே நினைத்திருந்தேன், ஏனென்றால் அதற்குத்தான் வெண்ணெய் கணக்கில்லாமல் செலவாகும். ஐம்பது கிராம் வெண்ணெய், ஐம்பது கிராம் மைதா. எடை சமமாக இருக்க வேண்டும். போஸ்டர் பசையும் மைதாதானே என்று என் பேத்தி மடக்கினாள். நியாயமான கேள்வி. மைதாவைத் தண்ணீரில் காய்ச்சினால் பசை. வெண்ணெயில் வறுத்தால் ஒவ்வொரு துகளையும் நெய் போர்த்திக்கொள்ளும், கட்டி தட்டாது, சாற்றில் போனதும் மெல்ல விரியும். சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் கிளறினால் பச்சை மாவு வாசம் போய், பேக்கரி வாசலில் நிற்கிற மாதிரி ஒரு வாசம் வரும். நிறம் மாறுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு, இளஞ்சூடான சாற்றை ஒரு கரண்டி, கலக்கு, இன்னொரு கரண்டி, கலக்கு. முதல் மூன்று கரண்டிக்குத்தான் பொறுமை வேண்டும். பிறகு மீதியை ஊற்றி, அடுப்பில் ஏற்றி, இருபது நிமிடம் மெல்லக் கொதிக்க விடுங்கள். அவசரப்பட்டால் மாவு நாக்கில் ஒட்டும்.

வெந்த காய், அரைத்த விழுது, பிய்த்த கறி, எல்லாம் உள்ளே. தீயை அணைக்கப் போகும் நேரத்தில் பால் முந்நூறு மில்லி. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு இருக்கிறது, அது உத்தமம். காய்ச்சிய பாலாக, வெதுவெதுப்பாக இருக்கட்டும். சூப்பில் ஒரு கரண்டி எடுத்துப் பாலில் கலந்து, அந்தப் பாலை சூப்பில் ஊற்றுங்கள். அதன் பிறகு கொதி வரவே கூடாது; ஆவி பறந்தால் போதும். கிரீம் டப்பா வாங்க வேண்டியதில்லை. காலையில் எடுத்த பாலாடை இரண்டு ஸ்பூனை முள்கரண்டியால் அடித்து, பரிமாறும்போது சேர்த்தால் அதுவே கிரீம். உப்பு, வெள்ளை மிளகுத்தூள். கறுப்பு மிளகும் வெள்ளை மிளகும் ஒரே கொடிதான், தோல் போனது வெள்ளை. கிளப்பில் புள்ளி தெரியக் கூடாது என்பதற்காக வெள்ளை. வீட்டில் எது இருக்கிறதோ அது. ஜாதிக்காய் கிடைத்தால் இரண்டு இழுப்பு துருவுங்கள். மூன்றாவது இழுப்பு மருந்து வாசம்.

நாட்டுக்கோழியில் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் நான் செய்ய மாட்டேன். அதன் சாற்றுக்கு ஒரு காரமான குணம் உண்டு. பாலில் போட்டு அதை அடக்குவது வீண். அதற்கு மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்ட ரசம்தான் மரியாதை. புரட்டாசியில் எங்கள் வீட்டில் எலும்புக்குப் பதில் மொட்டுக் காளான், காலிஃபிளவர் தண்டு, கேரட் தோல் வேகவைத்த தண்ணீர். மற்றதெல்லாம் இதே கணக்கு. கோழி இல்லாத குறை உருளைக்கிழங்கு இன்னொன்று சேர்த்தால் தெரியாது.

நான் ஏதோ தவறே செய்யாதவன் போல எழுதிவிட்டேன். 1974 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. ஐம்பது பேர் விருந்து. பட்லர் வெளியே மேஜை பார்க்கப் போயிருந்தார். மேஜையில் பரிமாறுகிற பேரர் வந்து “சூப்பு, சூப்பு” என்று அவசரப்படுத்தவே, நான் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவில் குளிர்ந்த கிரீமை அப்படியே கவிழ்த்தேன். போதாததற்கு அன்று சாற்றில் தக்காளித் துண்டுகளையும் போட்டிருந்தேன், நிறம் வரும் என்று. கண்ணெதிரே மழைக்கால மேகம் மாதிரி பிரிந்தது. பட்லர் வந்தார், பார்த்தார், திட்டவில்லை. மல் துணியைக் கேட்டார். வடிகட்டி, இன்னொரு அடுப்பில் புதிதாக வெண்ணெயும் மாவும் வறுத்து, வடித்த சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி அடித்துச் சேர்த்தார். எங்கள் சமையலறையில் மிக்சி இல்லாத காலம். சல்லடையில் அகப்பையின் முதுகால் தேய்த்தே காயை மசித்தார். இருபது நிமிடம் தாமதம். யாருக்கும் தெரியவில்லை. துணியில் நின்ற திரிவை ஒரு கிண்ணத்தில் போட்டு என்னிடம் நீட்டி, “சாப்பிடு. சூப்ப அதட்டினா திரிஞ்சுரும்டா பையா, அது ஆளப் பாக்காது” என்றார். சாப்பிட்டேன். போன வாரம் பேத்தி கொடுத்த கிண்ணத்தில் அதே ருசி இருந்தது.

மீந்த சூப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மலையில் குளிர்தானே என்று இரவு முழுக்க அடுப்பில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாலும் கோழியும் சேர்ந்த பண்டம், எங்கள் குளிர் அதற்குப் போதாது. அகலமான பாத்திரத்தில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் கெட்டிப்பட்டிருக்கும். கொஞ்சம் பால் விட்டு, சிறு தீயில், கிளறிக்கொண்டே நன்றாக ஆவி பறக்கும்வரை சூடாக்கி, அன்றே தீர்த்துவிட வேண்டும். சோள மாவில் செய்ததாக இருந்தால் மறுநாள் ஒரு பக்கம் கட்டி, ஒரு பக்கம் தண்ணீர்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் இல்லையென்றால் பழங்கதையை வெட்டிக்கொள்ளுங்கள், கிராம் கணக்கை வெட்டாதீர்கள். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கப் என்று போடுகிறீர்களே, எந்தக் கப்? எங்கள் வீட்டில் டீ கப் ஒரு அளவு, பேத்தி அளந்தது அவளுடைய பூஸ்ட் மக்கில். தங்கள் சமையல் பக்கத்தில் கிராமும் மில்லியும் போடும்படி தயவுசெய்து சொல்லுங்கள். குறிப்பை அச்சுக்கு அனுப்பும் முன் அலுவலகத்தில் யாராவது ஒருவர் ஒருமுறை செய்து, குடித்தும் பார்த்தால் நல்லது.

நேற்று பேத்தி மேலே சொன்ன கணக்கில் மறுபடி செய்தாள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், கரண்டியைத் தொடவில்லை. மாவில் சாறு ஊற்றும்போது இரண்டு கட்டி தட்டியது; அவளே வடிகட்டிவிட்டாள். உப்பு ஒரு கல் குறைவு. இரண்டு கிண்ணம் குடித்தேன், காய்ச்சல் போய் நான்கு நாள் ஆகியும்.

இன்னொன்று. நீங்கள் போட்ட படத்தில் சூப்பின் மேல் கொத்தமல்லி தூவியிருக்கிறது. குறிப்பில் கொத்தமல்லியே இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற கிளப் சமையல்காரன்,
குன்னூர்.